குதிரையைத் தாங்குவது யார்?

வீரன் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மனக்கண்ணில் தோன்றுவது யார்? பெரும்பாலும் ஓர் ஆண்மகன். அவன் கையில் வாள். அவனைச் சுமந்து, முன்னங்கால்கள் இரண்டையும் வானை நோக்கித் தூக்கி நிற்கும் ஒரு குதிரை. ஆடிப் பதினெட்டன்று தீரன் சின்னமலையின் நினைவாக நம் கொங்கு நாட்டுச் சுவர்களில் ஒட்டப்படும் சுவரொட்டிகளில் அவர் குதிரை மேல்தான் வருகிறார். நாட்காட்டியில் வீர சிவாஜி குதிரை மேல். பாடப் புத்தகத்தில் ஜான்சி ராணி குதிரை மேல். நம் புனிதர்களிலும் ஜார்ஜியார் குதிரை மேல் இருந்துகொண்டுதான் பறவைநாகத்தைக் குத்துகிறார். குதிரையில்லாமல் வீரமே இல்லை என்று நினைக்கும்படி நம் கண்கள் பழகிவிட்டன.

எங்கள் வகுப்பில் 'வீரம்' என்ற தலைப்பில் படம் வரையச் சொன்னபோது பாதிப் பேருக்கு மேல் குதிரை வீரனையே வரைந்திருந்தோம். கோவை நகரில் பிறந்து வளர்ந்த எங்களில் பலர் குதிரையைக் கிட்ட நின்று பார்த்ததுகூட இல்லை. அந்தியூர் குருநாதசாமி கோயிலின் ஆடித் திருவிழாக் குதிரைச் சந்தைக்குப் போய் வந்த இரண்டு மூன்று பேர் மட்டும் விதிவிலக்கு. பார்த்தே பழகாத விலங்கை எங்கள் கை எப்படி வரைந்தது? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு நூலகத்திலிருந்த ஓவியப் புத்தகங்களையும் கோயிற்கலை பற்றிய புத்தகங்களையும் புரட்டினோம். அதில் எங்களுக்குத் தோன்றிய கருத்துகளை இங்கே எழுதத் துணிந்திருக்கிறோம். பெரியோர்கள் மாறுபடலாம், மாறுபட்டால் எங்களை அழைத்துச் சொல்லுங்கள், மகிழ்ச்சியோடு கேட்டுக்கொள்வோம்.

முதலில் ஐரோப்பாவுக்குப் போவோம். 17-ஆம் நூற்றாண்டில் அங்கே ஓங்கியிருந்த கலைப்பாணிக்குப் பரோக் என்று பெயர். அமைதியாக நிற்கும் உருவங்கள் அந்தக் கலைஞர்களுக்குப் போதவில்லை. எல்லாம் அசைய வேண்டும், திமிற வேண்டும், ஒளியும் இருளும் மோத வேண்டும். போர்க்களத்தில் பாயும் குதிரையை விட அதற்கு ஏற்ற பொருள் வேறென்ன? ஆகவே அரசர்களின் மாளிகைகளிலும் ஓவியர்களின் குறிப்பேடுகளிலும் குதிரை வீரர்கள் நிறைந்தார்கள்.

ஸ்பெயின் நாட்டு ஓவியர் வெலாஸ்கஸ் 1635-ஐ ஒட்டி வரைந்த ஒரு படம் எங்களை மிகவும் கவர்ந்தது. அதில் குதிரை மேல் இருப்பவன் ஐந்தாறு வயதுச் சிறுவன். இளவரசன் பல்தசார் கார்லோஸ் என்று பெயர். பால்மணம் மாறாத முகம். ஆனால் கையில் படைத் தளபதியின் கோல். அவன் ஏறிய குட்டிக் குதிரையோ இரண்டு கால்களையும் தூக்கிப் பாய்கிறது. இத்தனை சிறு பிள்ளையை யாராவது இப்படி ஏற்றி விடுவார்களா என்று எங்களுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அந்தப் படத்துக்குப் பொருள் வேறு. துள்ளுகிற குதிரையைக் கடிவாளத்தால் அடக்குபவன் நாளை ஒரு நாட்டையும் அடக்கி ஆள்வான் என்பது அன்றைய பார்வையாளர்கள் அனைவருக்கும் தெரிந்த மறைமொழி. குதிரை என்றால் மக்கள். கடிவாளம் என்றால் ஆட்சி. இன்னொரு பொருளும் சொன்னார்கள்: குதிரை என்பது நம் ஆசைகளும் கோபங்களும், ஏறியிருப்பவன் அறிவு. நம் நாட்டுக் கட உபநிடதத்திலும் புலன்கள் குதிரைகளாகவும் அறிவு தேரோட்டியாகவும் சொல்லப்படுகின்றன அல்லவா? அந்தச் சிறுவன் அரசனாகவேயில்லை. 1646-ல், பதினேழு வயது நிறையும் முன்பே இறந்துவிட்டான். படத்தில் மட்டும் அவன் குதிரை இன்னும் பாய்ந்துகொண்டிருக்கிறது.

அதே இளவரசனின் தந்தை நான்காம் பிலிப்புக்கு மாட்ரிட் நகரில் ஒரு வெண்கலச் சிலை உண்டு. இத்தாலியச் சிற்பி பியெத்ரோ தாக்கா 1640-ல் முடித்தது. குதிரை பின்னங்கால்கள் இரண்டில் மட்டும் நிற்கிறது. அத்தனை எடையுள்ள வெண்கலம் முன்பக்கமாகக் கவிழ்ந்துவிடாதிருக்க என்ன செய்வது என்று கலிலியோவிடமே யோசனை கேட்டார்கள் என்பர். வால் நுனியைத் தரையில் ஊன்றி அதைச் சமாளித்திருக்கிறார்கள்.

இப்போது மதுரைக்கு வருவோம். மாட்ரிட்டில் வெலாஸ்கஸ் வரைந்துகொண்டிருந்த அதே காலத்தில் மதுரையில் திருமலை நாயக்கர் ஆண்டார் (1623–1659). மீனாட்சியம்மன் கோயிலின் கிழக்கே அவர் எழுப்பிய புது மண்டபத்தின் முகப்புத் தூண்களிலும் குதிரை வீரர்கள் பாய்கிறார்கள். அவருக்கு முன்பே வேலூர் கோட்டைக் கோயிலிலும், திருவரங்கத்துச் சேஷராயர் மண்டபத்திலும் அப்படிப்பட்ட தூண்கள் எழுந்துவிட்டன. நம் கொங்கு நாட்டிலேயே, கெட்டி முதலிகள் கட்டிய தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலில் கல் குதிரைகளையும் வீரர்களையும் காணலாம். மாட்ரிட்டின் ஓவியர் மதுரையைக் கண்டதில்லை. மதுரையின் சிற்பி மாட்ரிட்டைக் கேள்விப்பட்டிருக்கவும் வழியில்லை. ஆயினும் இருவர் கையிலும் பிறந்தது ஒரே உருவம். அதிகாரம் தன்னைக் காட்டிக்கொள்ள விரும்பும்போது எங்கும் ஒரே மாதிரியாகத்தான் யோசிக்கும் போலிருக்கிறது.

நம் ஊரில் அது இன்னும் அழுத்தமாக விழக் காரணம் உண்டு. குதிரை நம் மண்ணில் செழிக்கும் விலங்கு அல்ல. காங்கேயம் காளை நம்முடையது. குதிரை கடல் கடந்து வந்தது. காவிரிப்பூம்பட்டினத்துக்குக் கடல்வழி வந்த குதிரைகளைப் பட்டினப்பாலையே சொல்கிறது. பாண்டிய மன்னர்கள் அரபு நாட்டுக் குதிரைகளுக்குப் பெரும்பொருள் கொட்டினார்கள் என்றும், சரியாகப் பேணத் தெரியாததால் அவை விரைவில் மடிந்தன என்றும் மார்க்கோ போலோ எழுதி வைத்தார். பிறகு கோவாவிலிருந்த போர்ச்சுகீசியர் அந்த வாணிகத்தைத் தம் கைக்குள் வைத்துக்கொண்டார்கள். அப்படியானால் குதிரை மேல் இருப்பவன் யார்? கடல் கடந்து ஒரு விலங்கை வரவழைத்து, அதற்குத் தீனி போட்டு, அது செத்தால் இன்னொன்று வாங்கும் வசதி படைத்தவன். குடியானவன் அண்ணாந்து பார்க்க வேண்டியவன்.

இனி நாங்கள் சொல்ல வந்த செய்திக்கு வருகிறோம். தாக்காவின் குதிரைக்கு வால் முட்டுக்கொடுத்தது. கல் குதிரைக்கு எது முட்டுக்கொடுக்கிறது?

ஜேம்ஸ் பெர்குசன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் இந்தியக் கட்டடக்கலை பற்றி 1876-ல் வெளியிட்ட புத்தகத்தில் இதைக் கவனித்திருக்கிறார். தென்னாட்டு மண்டபங்களின் முகப்பில் பாயும் குதிரையின் முன்னங்கால்கள் கீழே நிற்கும் காலாள் வீரர்களின் கேடயங்களின் மேல் ஊன்றியிருக்கின்றன. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். ஆம்! மேலே முறுக்கிய மீசையோடு ஒருவன் ஈட்டியை ஓங்குகிறான். அவன் குதிரையின் குளம்பு, கீழே முழங்கால் மடித்து நிற்கும் ஒரு சிறிய மனிதனின் கேடயத்தில் இருக்கிறது. அந்தச் சிறிய மனிதனை உளி கொண்டு செதுக்கி எடுத்துவிட்டால் குதிரையின் கால்கள் அந்தரத்தில் தொங்கும். நானூறு ஆண்டுகளாக அவன் கேடயத்தைத் தாழ்த்தவில்லை. மண்டபத்துக்குள் நுழைகிறவர்கள் எல்லாரும் மேலே உள்ளவனைப் பார்த்து 'ஆகா' என்கிறார்கள். கீழே இருப்பவன் நம் கண் மட்டத்துக்கு அருகில் இருக்கிறான், ஆனாலும் கண்ணில் படுவதில்லை.

குதிரை வீரனின் உருவத்தை நாம் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும் என்பதே எங்கள் கட்சி. முதலில் குளம்படி, பிறகு குதிரை, கடைசியாக வீரன். அப்படிப் படித்தால் கதையே மாறிவிடுகிறது.

பரோக் காலத்துப் போர் ஓவியர்களிலேயே சிலர் அப்படிப் படித்திருக்கிறார்கள் என்பதுதான் எங்களுக்கு வியப்பு. நேப்பிள்ஸ் நகரத்து அனியெல்லோ பால்கோனே என்பவர் போரை வரைந்தார். ஆனால் அதில் அரசன் இல்லை, தளபதி இல்லை. யார் வென்றார் என்றும் தெரியாது. கலை வரலாற்று அறிஞர் பிரிட்ஸ் சாக்ஸல் இதைத் 'தலைவனில்லாப் போர்க்காட்சி' என்று குறிப்பிட்டார். இதே வழியில் இன்னும் புகழ்பெற்றவர் இன்றைய பிரான்சின் பிரான்ஷ்-கோந்தேப் பகுதியில் 1621-ல் பிறந்த ஜாக் கூர்த்துவா. இளமையில் சில காலம் படையில் இருந்தவர் அவர். பழுப்பு மையால் அவர் கிறுக்கிய கோட்டோவியங்களில் புகையும் புழுதியுமே பாதி. அந்தப் புகைக்குள் ஒரு குதிரையின் பின்புறம், ஒரு தொப்பி, கைத்துப்பாக்கி ஏந்திய ஒரு கை, கீழே விழுந்து கிடக்கும் ஒரு முதுகு. இவர் 1657-ல் ரோமில் இயேசு சபையில் சேர்ந்தார். துறவியான பின்பும் போரை வரைவதை அவர் விடவில்லை. 1676-ல் இறக்கும் வரை வரைந்தார். துறவிக்குப் போர்க்களத்தில் என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். கண்ணால் கண்டதை மறக்க முடியாதவர் வேறெதை வரைவார் என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

அந்தக் காலம் அப்படிப்பட்டது. 1618 முதல் 1648 வரை முப்பது ஆண்டுப் போர். கத்தோலிக்கரும் பிராட்டஸ்டண்டு சபையாரும் கிறிஸ்துவின் பெயரையே சொல்லிக்கொண்டு ஒருவரையொருவர் வெட்டிச் சாய்த்தார்கள். சுவீடன் நாட்டு அரசர் குஸ்தாவ் அடால்ப் 1632-ல் லூட்சன் போர்க்களத்தில், மூடுபனியிலும் புகையிலும் தம் வீரர்களைப் பிரிந்து, குதிரை மேல் இருந்தபடியே குண்டு பட்டு வீழ்ந்தார். அவருடைய குதிரையின் தோலைப் பாடம் செய்து ஸ்டாக்ஹோம் அருங்காட்சியகத்தில் இன்றும் வைத்திருக்கிறார்கள். அடுத்த ஆண்டே லொரைன் நாட்டு ஜாக் காலோ போரின் துன்பங்களைச் சின்னஞ்சிறு செதுக்குப் படங்களாக வெளியிட்டார். அவற்றில் படைவீரர்கள் பண்ணை வீட்டுக்குள் புகுந்து கொள்ளையடிக்கிறார்கள். ஒரு மரத்தில் பழம் தொங்குவது போல மனிதர்கள் தொங்குகிறார்கள்.

'அதெல்லாம் ஐரோப்பாவில்' என்று நாம் மூச்சு விட்டுக்கொள்ள முடியாது. திருமலை நாயக்கர் ஆட்சியின் கடைசி ஆண்டுகளில் மைசூர்ப் படை சத்தியமங்கலம் வழியாக நம் கொங்கு நாட்டில் இறங்கியது. அகப்பட்டவர்களின் மூக்கை அறுத்து அனுப்பினார்கள். ஆண், பெண், குழந்தை என்ற வேறுபாடு பார்க்கவில்லை. மதுரைப் படை திருப்பித் தாக்கியபோது அவர்களும் மைசூர் மக்களின் மூக்கை அறுத்தார்கள். வரலாற்றில் இதற்கு மூக்கறுப்புப் போர் என்றே பெயர் விழுந்துவிட்டது. அக்காலத்தில் இங்கே வாழ்ந்த இயேசு சபைக் குருக்கள் ஐரோப்பாவுக்கு எழுதிய மடல்களால் இந்தக் கொடுமையை நாம் அறிகிறோம். புது மண்டபத்துத் தூணில் மூக்கில்லாத மனிதன் ஒருவனைக்கூடச் செதுக்கியதாகத் தெரியவில்லை. கல்லில் வீரம் மட்டும் நின்றது. மூக்கு காகிதத்தில் போயிற்று.

போகிற போக்கில் நம் பேரூரைப் பற்றியும் ஒரு வார்த்தை. பட்டீசுவரர் கோயில் மண்டபத் தூண் ஒன்றில் ஒரு சிப்பாய் துப்பாக்கியில் மருந்து கெட்டிப்பதாக அதே பெர்குசன் எழுதியிருக்கிறார். அதைக் கொண்டே அவர் அந்த மண்டபத்தின் காலத்தைக் கணித்தார். தரையில் நிற்கும் ஒருவன் ஒரு விரலை அசைத்துக் குதிரையையும் வீரனையும் சாய்த்துவிடும் காலம் வந்துவிட்டது என்பதற்கு அந்தச் சிப்பாய் சாட்சி. ஆனால் வேடிக்கை என்னவென்றால், குதிரைப்படையின் வலிமை குறையக் குறையக் குதிரை மேல் அமர்ந்த சிலைகள்தாம் உலகெங்கும் பெருகின. மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே என்பார்கள் நம் பாட்டிமார். கல் குதிரையையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இந்த மண்டபக் குதிரை வீரர்களில் பலர் மனிதர்களைக் குத்துவதில்லை, புலியைக் குத்துகிறார்கள். இதைப் பார்த்ததும் எங்களுக்கு வேறொரு கல் நினைவுக்கு வந்தது. கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் தோட்டங்காடுகளிலும் ஊர் எல்லைகளிலும் 'புலிகுத்திக் கல்' என்று நடுகற்கள் உண்டு. மாட்டுப் பட்டியைக் காக்கப் புலியோடு போராடி உயிர்விட்டவனுக்கு ஊரார் எடுத்த கல் அது. அதில் புலி பின்னங்கால்களில் எழுந்து நிற்கிறது. அதன் எதிரே ஒரு மனிதன் இரண்டு கால்களையும் தரையில் ஊன்றி ஈட்டியைப் பாய்ச்சுகிறான். குதிரை இல்லை. புலியின் முகமும் அவன் முகமும் ஒரே உயரத்தில் இருக்கின்றன. அவன் காலடியில் யாரும் நசுங்கவில்லை. வேலைப்பாடு என்று பார்த்தால் புது மண்டபத்துக்கு முன் இது ஒன்றுமே இல்லைதான். முகம்கூடத் தேய்ந்து போயிருக்கும். ஆனால் எந்தக் கல் உண்மை பேசுகிறது என்று எங்களைக் கேட்டால் தோட்டத்து மூலையில் சாய்ந்து கிடக்கும் இந்தக் கல்லைத்தான் சொல்வோம். அரசனுக்குப் புலி வேட்டை ஒரு விளையாட்டு. மாடு மேய்த்தவனுக்கு அது அன்றைய வேலை.

இப்போது எங்களுக்கே சற்றுத் தயக்கம் தரும் இடத்துக்கு வருகிறோம். நம் திருச்சபையின் குதிரை வீரர் ஒருவர் இருக்கிறார். இயேசுவின் சீடரான பெரிய யாகப்பர், கடற்கரை ஊர்களில் சந்தியாகப்பர் என்று அழைக்கப்படுபவர். வெள்ளைக் குதிரை மேல் வாளோங்கி வரும் அவருடைய சுரூபத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். அந்தக் குதிரையின் குளம்படியில் யார் என்று பார்த்ததுண்டா? ஸ்பெயின் நாட்டில் பிறந்த அந்த உருவத்தில் கீழே கிடப்பவர்கள் தலைப்பாகை கட்டிய முஸ்லிம்கள். 844-ல் கிளாவிஹோ என்ற இடத்தில் நடந்த போரில் யாகப்பர் வானிலிருந்து இறங்கி வந்து அவர்களை வெட்டினார் என்பது பழங்கதை. அப்படி ஒரு போர் நடக்கவேயில்லை என்பதே வரலாற்று அறிஞர்களின் முடிவு. விவிலியத்தின் யாகப்பரோ மீன்பிடித்தவர். படகில் வலையைச் சீர்செய்துகொண்டிருந்தபோது அழைக்கப்பட்டவர். அவர் வாளெடுத்து யாரையும் வெட்டவில்லை. ஏரோது மன்னன் அவரைத்தான் வாளால் கொன்றான் என்று அப்போஸ்தலர் பணி கூறுகிறது. வாளால் இறந்தவர் கையில் வாளைக் கொடுத்துவிட்டார்களே!

எங்கள் வகுப்பில் பாத்திமாக்களும் மரியாக்களும் மீனாட்சிகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிடுகிறோம். 1997 நவம்பரையும் 1998 பிப்ரவரியையும் பற்றி எங்கள் பெற்றோர் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வதையும் கவனித்திருக்கிறோம். கலவரத்திலும் குண்டுவெடிப்பிலும் நம் கோவை கண்ட சாவுகள் நாங்கள் பிறப்பதற்கு முன் நடந்தவை. ஆனாலும் அந்தத் தாழ்ந்த குரல் எங்களுக்குப் பழக்கம். ஆகையால்தான் இதைச் சொல்கிறோம்: குளம்படியில் ஒரு மதத்தாரைப் போட்டு மிதிக்கும் உருவம் எவ்வளவு அழகாக இருந்தாலும், எந்தப் புனிதரின் பெயரில் இருந்தாலும், அதன் முன் நின்று மெழுகுவர்த்தி ஏற்ற எங்கள் கை எழாது. ஸ்பெயினில் யாகப்பரின் பேராலயத்திலேயே அந்தச் சிலையின் அடிப்பகுதியில் மலர்களை அடுக்கிக் கீழே கிடப்பவர்களை மறைத்து வைத்திருக்கிறார்கள். மறைத்தால் போதுமா என்பது வேறு கேள்வி. ஆனால் நம் இராமேசுவரம் தீவிலுள்ள தங்கச்சிமடம் சந்தியாகப்பர் ஆலயத்தின் ஜூலைத் திருவிழாவுக்கு இந்துக்களும் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களோடு சேர்ந்து வருகிறார்கள். ஸ்பெயினிலிருந்து வந்த கதையை நம் கடற்கரை மக்கள் தூக்கிப் போட்டுவிட்டு, மீனவரான யாகப்பரை மட்டும் வைத்துக்கொண்டார்கள் என்று எங்களுக்குப் படுகிறது.

குதிரை மேல் ஒரு புனிதர் வேண்டுமானால் மார்ட்டின் இருக்கிறார். நான்காம் நூற்றாண்டில் உரோமைப் படையில் இருந்தவர். கடுங்குளிரில் ஆமியேன் நகர வாயிலில் ஆடையின்றி நடுங்கிய பிச்சைக்காரனைக் கண்டார். வாளை உருவினார், தம் போர்வையை இரண்டாகக் கிழித்துப் பாதியைக் கொடுத்தார். எல் கிரேக்கோ 1597-ஐ ஒட்டி வரைந்த படத்தில் வெள்ளைக் குதிரையின் அருகே அந்தப் பிச்சைக்காரன் நிமிர்ந்து நிற்கிறான். குதிரையின் காலடியில் அவன் கிடக்கவில்லை. உலகிலுள்ள குதிரை வீரர் படங்களில் வாள் துணி வெட்டப் பயன்பட்டது இதில் மட்டும்தானோ என்னவோ! துணி நெய்தே பேர் வாங்கிய ஊர்க்காரர்களாகிய நமக்கு இவரைவிடப் பொருத்தமான குதிரை வீரர் கிடைக்க மாட்டார்.

நம் ஆண்டவர் குதிரையே ஏறவில்லை என்பதையும் மறக்கலாகாது. எருசலேமுக்குள் அவர் அரசராக நுழைந்த நாளில் கேட்டு வாங்கியது ஒரு கழுதையை. இறைவாக்கினர் சக்கரியா முன்பே சொன்ன அரசரும் கழுதை மேல் வருபவர், போர்க்குதிரைகளை ஒழித்துவிடுபவர். குருத்தோலை பிடித்துப் பாடிக்கொண்டு போகும்போது நாம் இதை எண்ணிப் பார்ப்பதில்லை. ஒருவரைத் திட்ட வேண்டுமானால் 'கழுதை' என்றுதானே நாம் சொல்கிறோம்!

பெண்களைக் குதிரை மேல் ஏற்றிவிட்டால் சரியாகிவிடும் என்று எங்களில் சிலர் வாதாடினார்கள். ஜான்சி ராணி இல்லையா, புனித ஜோன் இல்லையா என்று கேட்டார்கள். இருவரிடமும் எங்களுக்கு அளவற்ற மதிப்பு உண்டு. ஆனால் சேணத்தில் இருப்பது ஆணா பெண்ணா என்பதைக் குளம்படியில் கிடப்பவர் கேட்கப் போவதில்லை.

நம் கொங்கு நாட்டுக்கே உரிய அண்ணன்மார் கதையைப் பலர் பாட்டிமாரிடம் கேட்டிருப்பீர்கள். கனடா நாட்டு அறிஞர் பிரெண்டா பெக் 1965-ல் காங்கேயம் பக்கத்துக் கிராமத்தில் தங்கி, உடுக்கடித்துப் பாடியவரின் குரலில் அதை முழுவதுமாக ஒலிநாடாவில் பதிவு செய்தார். பொன்னரும் சங்கரும் குதிரை ஏறிப் போருக்குப் போகிறார்கள், மாண்டு போகிறார்கள். தங்கை தங்காளுக்குக் குதிரை இல்லை. அவள் காட்டு வழியில் நடந்தே அண்ணன்மாரைத் தேடிப் போகிறாள். மணப்பாறைக்கு அருகே வீரப்பூரில் மாசித் திருவிழாவின்போது இதைப் படுகளம் என்று நடித்துக் காட்டுகிறார்கள். மாண்டவர்களைப் போல ஆண்கள் தரையில் கிடக்கிறார்கள். தங்காள் வந்து தண்ணீர் தெளிக்கிறாள், அவர்கள் எழுகிறார்கள். இந்தக் கதையில் எங்களுக்குப் பிடித்த இடம் இதுதான். குதிரை வீரர்களின் சிலை கோயில்தோறும் இருக்கிறது. நடந்து வந்தவளின் கையிலிருந்த தண்ணீரை யாராவது ஒரு சிற்பி பெரிதாகச் செதுக்கியிருக்கலாம்.

கடைசியாக, மதிப்பிற்குரிய தலைமையாசிரியை அம்மையாருக்கும் பெற்றோர்களுக்கும் எங்கள் வகுப்பின் சார்பில் ஒரு விண்ணப்பம். ஆண்டுதோறும் சுற்றுலா என்றால் ஊட்டி, ஊட்டியை விட்டால் கொடைக்கானல். இந்த முறை எங்களைத் தாரமங்கலத்துக்கு அழைத்துப் போங்கள். சேலத்திலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர். காலையில் கிளம்பினால் இரவுக்குள் திரும்பிவிடலாம். அந்தக் கல் குதிரைகளின் கால்களைத் தாங்குவது யார் என்று ஒவ்வொரு தூணாகக் குனிந்து பார்த்து, படம் வரைந்துகொண்டு வருவோம். அடுத்த ஆண்டு மலரில் அவற்றை வெளியிடலாம். புளிச்சோறு நாங்களே கட்டிக்கொண்டு வந்துவிடுகிறோம்.